அட்டாரியில் ஏறிய வரி

2019 பிப்ரவரி 16 இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குகளுக்கும் 200 சதவீதச் சுங்கவரி என்ற இந்திய அரசின் அறிவிக்கை மின்னணு அரசிதழில் ஏறிய நேரம் அது. ஒரு வரி பிறந்த நேரம் விநாடிக் கணக்கில் பதிவாகியிருப்பதற்கு ஒரு வழக்குதான் காரணம். அன்று பகலிலேயே பஞ்சாபின் அட்டாரி எல்லைக்குச் சரக்கு வந்து சேர்ந்து, இறக்குமதிப் பத்திரங்களையும் தாக்கல் செய்துவிட்ட வணிகர்களிடம் சுங்கத்துறை புதிய வரியைக் கேட்டது. அவர்கள் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அரசு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அறிவிக்கை வெளியாவதற்கு முன்பே பத்திரம் தாக்கல் செய்தவர்களை அது கட்டுப்படுத்தாது என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பைப் படித்ததிலிருந்து, அண்டை நாடுகளுக்கு இடையிலான வரிப் பூசல்களை நான் பார்க்கும் விதம் மாறியது. அதுவரை ஏற்றுமதி எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு என்ற எண்களையே பார்த்துவந்தேன். இப்போது, அந்த வரி எந்த மனிதர்களின் வேலையை இல்லாமல் ஆக்குகிறது என்பதையும், அந்த மனிதர்கள் இல்லாமல் போனபின் இரு நாடுகளுக்கும் இடையே யார் மிஞ்சுகிறார்கள் என்பதையும் பார்க்கிறேன்.

அந்த வரி எதனால் வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். நாடு கொதித்திருந்தது. மறுநாள், 1996 முதல் பாகிஸ்தானுக்கு இந்தியா வழங்கிவந்த ‘வர்த்தகத்துக்கு உகந்த நாடு’ என்ற தகுதி, அதாவது மற்ற வணிக நாடுகளுக்கு உள்ள அதே வரி என்ற உறுதி, திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் மறுநாள் வரி வந்தது. ஓர் அரசு அந்த நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அடி யார்மேல் விழுந்தது என்பதே என் கேள்வி.

அதற்கு முன்பு பாகிஸ்தான் சிமென்ட்டுக்கு 7.5 சதவீதமும், பழங்களுக்கு 30 முதல் 50 சதவீதம்வரையும் சுங்கவரி இருந்தது. அதிலிருந்து ஒரே இரவில் 200 சதவீதத்துக்குத் தாவும் வரி, கருவூலத்துக்குப் பணம் சேர்ப்பதற்காக விதிக்கப்படுவதன்று. கதவை மூடுவதற்காக விதிக்கப்படுவது. கதவும் மூடிக்கொண்டது. 2018-19 நிதியாண்டில் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு வந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 49.5 கோடி டாலர். அடுத்த ஆண்டில் அது 1.4 கோடி டாலராகச் சுருங்கியது. பாகிஸ்தானின் மொத்த ஏற்றுமதி 2,000 கோடி டாலருக்கு மேல் இருந்த காலம் அது. அந்த நாட்டு ராணுவத்தின் ஒரு முடிவையாவது மாற்றும் அளவுக்கு இந்த இழப்பு பெரிதன்று. ஆனால் சிந்து மாகாணத்தின் கைர்பூரில் பேரீச்சையை உலர்த்தி இந்தியாவை நம்பி மூட்டை கட்டியவருக்கும், இந்தப் பக்கம் அந்த மூட்டையை இறக்கிக் கூலி வாங்கியவருக்கும் அதுதான் முழு வருமானம்.

அட்டாரிக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். எல்லோரையும் போல, மாலையில் நடக்கும் கொடியிறக்க நிகழ்ச்சியைப் பார்க்கத்தான் போனேன். இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து முழக்கமிடும் அந்த அரங்குக்குச் சற்றுத் தொலைவில், 2012 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி பெரும் கிடங்குகளோடும் லாரி நிறுத்துமிடங்களோடும் நிற்கிறது. அதைத் திரும்பிப் பார்ப்பவர் எவரும் இல்லை. என்னை அழைத்துச் சென்ற ஓட்டுநர்தான் அதைக் காட்டி, தன் ஊர்க்காரர்கள் பலர் அங்கே சுமை தூக்கியவர்கள் என்றார். சுற்றியுள்ள கிராமங்களில் லாரி வாங்கியவர்கள், கடன் பெற்றுக் கிடங்கு கட்டியவர்கள், சாலையோரத்தில் உணவுக்கடை போட்டவர்கள் என்று ஒரு முழு வாழ்க்கை அந்தச் சோதனைச்சாவடியைச் சுற்றி வளர்ந்திருந்தது. அமிர்தசரஸின் மஜீத் மண்டியில் உலர்பழ வணிகம் செய்வோர் பலருக்கு லாகூரிலும் காபூலிலும் தலைமுறை தாண்டிய தொடர்பு உண்டு.

2007இல் லாரிகள் எல்லையைக் கடக்க அனுமதிக்கப்படும்வரை, இரு நாட்டுச் சுமைப்பணியாளர்களும் எல்லைக்கோட்டில் நேருக்கு நேர் நின்று, ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மூட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். அரசுகள் முகம் கொடுத்துப் பேசாத நாள்களிலும் அந்தக் கோட்டில் இருவர் அருகருகே நின்றார்கள். அண்டை நாட்டு உறவு என்பதில் எனக்கு மிக மதிப்புள்ளதாகத் தோன்றுவது இதுதான். தூதரகத்தில் இருப்பவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மறுபக்கத்து வணிகரிடம் நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்று தினமும் தொலைபேசியில் கேட்கும் ஒரு சுங்க முகவர், எல்லை அமைதியாக இருப்பதில் தன் பிழைப்பையே வைத்திருப்பவர். வரி உயரும்போது முதலில் வெளியேறுபவர் அவர். அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டால், அடுத்த பதற்றம் வரும்போது ‘வேண்டாம், பொறுங்கள்’ என்று சொல்ல எல்லையில் ஒரு குரல் குறைகிறது.

இது 2019இல் தொடங்கிய கதையன்று. பிரிவினைக்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளைப் படித்தால், இரு நாடுகளும் எப்படித் திட்டமிட்டு ஒருவரையொருவர் தேவையற்றவர்களாக ஆக்கிக்கொண்டார்கள் என்பது தெரியும். 1947இல் எல்லை கோடாக வரையப்பட்டபோது, சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி பாகிஸ்தானின் பகுதியான கிழக்கு வங்காளத்துக்கு (இன்றைய வங்கதேசம்) போனது. சணல் ஆலைகள் அனைத்தும் ஹூக்ளி நதிக்கரையில், இந்தியாவில் நின்றன. பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்தியாவுக்கே வந்துகொண்டிருந்தது. ஓராண்டு முடிவதற்குள் பாகிஸ்தான் சணல் ஏற்றுமதிக்கு வரி விதித்தது. 1948 மார்ச் முதல் இரு நாடுகளும் சுங்கத்தைப் பொறுத்தவரை ஒன்றையொன்று அந்நிய நாடாகவே நடத்தத் தொடங்கின.

பெரிய முறிவு 1949 செப்டம்பரில் வந்தது. பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. அதனால் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் தர வேண்டிய நிலை வந்தது. அந்த விகிதத்தை இந்தியா ஏற்கவில்லை. சணல் வரவு நின்றது; இந்தியா நிலக்கரி அனுப்புவதை நிறுத்தியது. ஒரு பக்கம் ஆலைக்குச் சணல் இல்லை, மறுபக்கம் ரயிலுக்கும் தொழிலுக்கும் நிலக்கரி இல்லை. 1951 பிப்ரவரியில் இந்தியா அந்த விகிதத்தை ஏற்று உடன்படிக்கை செய்துகொண்டபோது, காலம் கடந்திருந்தது. இந்தியா மேற்கு வங்காளத்திலும் அசாமிலும் பீகாரிலும் சணல் சாகுபடியைப் பெருக்கத் தொடங்கியிருந்தது. உணவுக்கு நெல் விளைய வேண்டிய நிலங்களின் ஒரு பகுதி அதற்குப் போனது. பாகிஸ்தான் தன் சொந்த ஆலைகளைக் கட்டத் தொடங்கியது. நாராயண்கஞ்சில் எழுந்த ஆதம்ஜி ஆலை பின்னாளில் உலகிலேயே பெரிய சணல் ஆலையாகப் பெயர் பெற்றது. தேசியப் பெருமையின் கண்ணோடு பார்த்தால் இரண்டும் சாதனைகள். எனக்கோ, ஏற்கெனவே ஒரே நதிப்படுகையில் அமைந்திருந்த வயலையும் ஆலையையும் ஒன்றையொன்று நம்பத் தேவையில்லாதபடி இரண்டு முறை கட்டிய பெருஞ்செலவாகவே அது தெரிகிறது. அந்தச் செலவு முடிந்தபின் சணலுக்காகப் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

1965 போரில் நின்ற வணிகம் 1974இன் இறுதியில்தான் மீண்டது. அதன் பிறகும் அது முழு வளர்ச்சி பெறவில்லை. உகந்த நாடு என்ற தகுதியை இந்தியா 1996இல் தந்தபோது பாகிஸ்தான் அதைத் திருப்பித் தரவில்லை. எந்தெந்தப் பொருள்களை இந்தியாவிலிருந்து வாங்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. 2012இல் அதை மாற்றி, வாங்கக்கூடாத 1,209 பொருள்களின் பட்டியலாக்கியது. எனினும் அட்டாரிக்கு நேரெதிரே பாகிஸ்தான் பக்கத்தில் உள்ள வாகா சாலை வழியே வர அனுமதிக்கப்பட்டவை 137 பொருள்கள் மட்டுமே. இந்தியத் தரப்பும் குறையற்றதன்று. தரச்சான்று, விசா, துணிகளுக்கான உயர்ந்த வரி ஆகியவை குறித்துப் பாகிஸ்தான் வணிகர்கள் பல ஆண்டுகள் முறையிட்டு வந்தனர். காகிதத்தில் திறந்திருந்த கதவு நடைமுறையில் பாதிதான் திறந்தது என்ற அவர்களின் வாதத்தில் உண்மை இருந்தது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி காஷ்மீரில் நடந்தது. 2008 அக்டோபரில், கட்டுப்பாட்டுக் கோட்டின் குறுக்கே உரி–முசாபராபாத், பூஞ்ச்–ராவலகோட் ஆகிய இரு பாதைகளில் வணிகம் திறக்கப்பட்டது. 21 வகைப் பொருள்கள், சுங்கவரி அறவே இல்லை, பணமும் இல்லை. வங்கி வழி இல்லாததால் அனுப்பிய பொருளுக்கு ஈடாகப் பொருளே வர வேண்டும், அதாவது முழுப் பண்டமாற்று. போரிட்ட இரு ராணுவங்களின் துப்பாக்கிகளுக்கு நடுவில், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத வணிகர்கள் சொல்லை நம்பி லாரி லாரியாகப் பழமும் மசாலாவும் அனுப்பினார்கள். அந்தப் பாதைகளில் ஆயுதமும் போதைப்பொருளும் கள்ளப்பணமும் வருகின்றன என்று கூறி 2019 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. போதைப்பொருள் பிடிபட்ட நிகழ்வுகள் உண்டு. ஆகவே அந்தக் கவலையை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் முழு லாரியையும் ஊடுருவிப் பார்க்கும் சோதனைக் கருவிகளை அங்கே நிறுவியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கலுக்காக, பத்தாண்டுக் காலம் வளர்த்த நம்பிக்கையைக் கைவிட்டிருக்க வேண்டாம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

வரி விதித்தாலும் தேவை நின்றுவிடுவதில்லை என்பதற்கு நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் இந்துப்பு எனும் பாறையுப்பு ஒரு சான்று. இந்தியாவுக்கு வரும் பாறையுப்பில் மிகப் பெரும்பகுதி பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கப் பகுதியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2019க்குப் பிறகு ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளிலிருந்து பாறையுப்பு இறக்குமதி ஏறத் தொடங்கியது. அமிர்தசரஸுக்கு ஒரு நாளில் வந்துவிடக்கூடிய உப்பு கடல் சுற்றி வந்தது. இடைத்தரகரும் கப்பல் நிறுவனமும் பலன் பெற்றார்கள், அட்டாரிச் சுமைப்பணியாளர் பெறவில்லை.

அதே 2019 ஆகஸ்டில், காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதற்கு எதிர்வினையாகப் பாகிஸ்தான் தன் பங்குக்கு வணிகத்தையே நிறுத்தியது. சில வாரங்களில் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு அளிக்க நேர்ந்தது. 2021 மார்ச் 31ஆம் தேதி, இந்தியாவிலிருந்து பஞ்சும் சர்க்கரையும் வாங்கலாம் என்று அந்நாட்டின் பொருளாதார ஒருங்கிணைப்புக் குழு முடிவெடுத்தது. மறுநாளே அமைச்சரவை அதைத் தள்ளிவைத்தது. அந்நாட்டு நெசவாலைகளுக்குப் பஞ்சு தேவைப்பட்டது, வீடுகளுக்குச் சர்க்கரை தேவைப்பட்டது. இருந்தும் எதிரியிடம் வாங்குகிறீர்களா என்ற ஒரு கேள்விக்குமுன் அந்தத் தேவைகள் ஒரு நாள்கூட நிற்க முடியவில்லை. 2022 பெருவெள்ளத்தில் பயிர்கள் அழிந்தபோது இந்தியக் காய்கறிகளை வாங்கும் பேச்சு அங்கே எழுந்து, அதுவும் அப்படியே அடங்கியது. ஓர் அரசு வணிகத்தைத் தண்டனைக் கருவியாக்கினால் அதை மீண்டும் வணிகமாக்குவது அந்த அரசுக்கே கடினமாகிவிடுகிறது. வரியைக் குறைக்கும் எந்த அமைச்சரும் விட்டுக்கொடுத்தவர் என்ற பழியைச் சுமந்தாக வேண்டும்.

2025 ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபின், மிச்சமிருந்ததும் போனது. இந்தியா அட்டாரிச் சோதனைச்சாவடியை மூடியது. பாகிஸ்தான் மூன்றாம் நாடுகள் வழியான வணிகத்தையும் சேர்த்து நிறுத்தியது. மே 2ஆம் தேதி, எந்த வழியாக வந்தாலும் பாகிஸ்தான் பொருள்களுக்குத் தடை என்று இந்தியா அறிவித்தது. சில நாள்களில் ஏவுகணைகள் பறந்தன. வணிகம் இருந்திருந்தால் அந்த மோதல் வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன்; பயங்கரவாதத்தைத் தக்காளி லாரிகள் தடுத்துவிடா. ஆனால் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத நிலையில் இரு தரப்பும் அந்த மோதலுக்குள் சென்றன என்பது கவனிக்கப்பட வேண்டும்.

பெரிய ஒப்பந்தம் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. இன்றைய மனநிலையில் அதைக் கேட்பதும் பொறுப்பற்றது. சிறிய ஒன்றைக் கேட்கிறேன். 2022 பிப்ரவரியில், உறவு மிகவும் கசந்திருந்த நிலையிலும், ஆப்கானிஸ்தானுக்கு இந்தியா அறிவித்த 50,000 டன் கோதுமை உதவி இதே அட்டாரி வழியாகப் பாகிஸ்தானைக் கடந்து போகத் தொடங்கியது. பசித்த மூன்றாம் நாட்டுக்காக அந்தக் கதவைத் திறக்க இரு அரசுகளாலும் முடிந்தது. மருந்து, அழுகும் காய்கனி, ஆப்கானிஸ்தானின் சரக்கு ஆகிய இந்த மூன்றையும் மட்டும் எந்தப் பதற்றத்திலும் வரிக்கோ தடைக்கோ உட்படுத்துவதில்லை என்று இரு நாடுகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எல்லைக்கு வந்து பத்திரம் தாக்கல் செய்துவிட்ட சரக்குகளுக்குப் பழைய வரியே பொருந்தும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். அந்தக் கடைசி விதியை அட்டாரி வணிகர்கள் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வென்றுவிட்டார்கள். அதை ஒப்பந்தமாக எழுதுவதுதான் பாக்கி.