சர்வரை அமைப்பது வேறு, செயலியை ஏற்றுவது வேறு

வலைச்செயலி ஒன்றை எழுதி முடித்தவர்கள், அதை இணையத்தில் ஏற்றும் கட்டத்தில் இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெறும் உபுண்டு சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், எஞ்சின்எக்ஸ் வலைச்சர்வர், பைத்தான் மொழி ஆகியவற்றை நிறுவி, பயனர் கணக்குகளையும் ஃபயர்வாலையும் அமைப்பது ஒரு வேலை. அவ்வாறு ஆயத்தமான சர்வரில் நிரலின் புதிய பதிப்பை ஏற்றுவது இன்னொரு வேலை. முன்னதை எத்தனை முறை செய்தாலும் ஒரே விளைவு வர வேண்டும்; பின்னதைச் செய்த பிறகு, தேவைப்பட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடிய வேண்டும். பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய சிறு செயலிகளை ஒற்றைச் சர்வரில் நடத்துகிறவன் என்ற முறையில், இவற்றை நான் செய்யும் விதத்தை எழுதுகிறேன். இந்த அளவுக்கு, பல சர்வர்களில் செயலிகளைப் பரப்பி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் தேவையில்லை என்பது என் கருத்து.

சர்வரை அமைக்க ஆன்சிபிளைப் பயன்படுத்துகிறேன். 2012-ல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட இந்தக் கருவிக்கு, சர்வரில் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பும் பைத்தானும் இருந்தால் போதும். கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும் ஷெல் கட்டளையை மூன்று முறை ஓட்டினால், அதே வரி மூன்று முறை சேரும். ஆன்சிபிளோ அந்த வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே பணிகளைப் பட்டியலிடும் பிளேபுக் கோப்பை ஓட்டி முடித்ததும், அதே சர்வரில் உடனே இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கடைசி வரியில் 'சேஞ்ச்டு' என்பதற்கு நேரே பூஜ்யம் வராவிட்டால், ஏதோ ஒரு பணி ஒவ்வொரு முறையும் சர்வரைக் கிளறுகிறது என்று பொருள். பெரும்பாலும் அது ஷெல் கட்டளையை நேரடியாக அழைக்கும் பணியாகத்தான் இருக்கும்.

ஃபயர்வாலில் 22 (எஸ்எஸ்ஹெச்), 80 (ஹெச்டிடிபி), 443 (ஹெச்டிடிபிஎஸ்) ஆகிய போர்ட்கள் மட்டும் திறந்திருக்கும். எல்லாம் ஹெச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதே என்று 80-ஐ மூடிவிடக் கூடாது. ஹெச்டிடிபிஎஸ்-க்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சேவை தரும் 90 நாள் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, வழக்கமான சரிபார்ப்பு அந்தப் போர்ட் வழியாகத்தான் நடக்கிறது. கடவுச்சொற்களும் ஜாங்கோவின் ரகசியச் சாவியும் நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டுக்குள் போகாமல், ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) மட்டுமே படிக்கக்கூடிய ஒரு கோப்பில் இருக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைப் படித்துச் செயலிக்குக் கொடுத்துவிடும்.

இனி ஏற்றும் வேலை. ஒவ்வொரு பதிப்பும் தனி ஃபோல்டரில், தனக்கான பைத்தான் சூழலோடு இறங்குகிறது. 'கரன்ட்' என்ற பெயரில் உள்ள சிம்லிங்க் (இன்னொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி), நடப்புப் பதிப்பைச் சுட்டுகிறது. மாற்றும்போது, புதிய சிம்லிங்கை வேறு பெயரில் உருவாக்கி, பழையதன் மேல் பெயர் மாற்றி வைத்துவிட்டால், லினக்ஸில் அது ஒரே படியில் நிகழ்ந்துவிடும். இடையில் 'கரன்ட்' இல்லாத கணம் என்று ஒன்று இருக்காது. பெயர் மாற்றும் எம்வி கட்டளையில் பெரிய டி (-T) விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் மட்டும், புதிய சிம்லிங்க் பழைய பதிப்பின் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு, ஜாங்கோ செயலியை ஓட்டும் கூனிகார்னை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அது கோரிக்கைகளைப் பெறும் சாக்கெட்டைச் சிஸ்டம்டியிடமே ஒப்படைத்திருந்தால், கூனிகார்ன் நின்று எழும் அந்த ஓரிரு விநாடிகளில் வரும் கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்கும். பயனருக்கு 502 பிழை தெரியாது.

நிரலில் கோளாறு என்றால், சிம்லிங்கை முந்தைய ஃபோல்டருக்குத் திருப்பினால் முடிந்தது. தரவுத்தளம் அப்படித் திரும்பாது. தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனைச் சிம்லிங்கை மாற்றுவதற்கு முன்பே ஓட்டுகிறேன். அது ஓடி முடிந்த பிறகும், மறுதொடக்கம் ஆகும்வரை பழைய நிரல்தான் புதிய அட்டவணையோடு பேசிக்கொண்டிருக்கும். பின்வாங்கினாலும் அதே நிலைதான். இங்கே ஜாங்கோவில் ஒரு நுணுக்கம் உண்டு. வெற்றாக இருக்கக் கூடாத புதிய நெடுவரிசையை, இயல்பு மதிப்போடு சேர்த்தால், ஜாங்கோ ஏற்கெனவே உள்ள பதிவுகளுக்கு அந்த மதிப்பை நிரப்பிவிட்டு, தரவுத்தளத்திலிருந்து இயல்பு மதிப்பை நீக்கிவிடும். அந்த நெடுவரிசையைப் பற்றி அறியாத பழைய நிரல் அடுத்த பதிவைச் சேர்க்க முயலும்போது, போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0, இயல்பு மதிப்பைத் தரவுத்தளத்திலேயே நிறுத்திவைக்க வழி செய்தது. அதற்கு முந்தைய ஜாங்கோ பதிப்புகளில், முதலில் வெற்றாக இருக்க அனுமதித்து, செயலியின் அடுத்த பதிப்பில் இறுக்குவதே பாதுகாப்பு. நெடுவரிசையை நீக்கும்போது வரிசை தலைகீழ்: அதைப் பயன்படுத்தாத நிரல் முதலில் ஏறி நிலைக்க வேண்டும், நீக்கும் மைக்ரேஷன் பிந்தைய பதிப்பில் வர வேண்டும்.

பூட்டு இன்னொரு தொல்லை. அட்டவணையை மாற்றும் கட்டளை கண நேரமே எடுத்தாலும், அதற்கு முழுப் பூட்டு தேவை. ஏற்கெனவே நீண்ட அறிக்கை ஒன்று அதே அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால், நம் கட்டளை அதன் பின்னால் நிற்கும். அடுத்து வரும் சாதாரண வாசிப்புகள் எல்லாம் நம் கட்டளைக்குப் பின்னால் நிற்கும். தளமே உறைந்துபோனது போலத் தோன்றும். ஆகவே மைக்ரேஷன் ஓடும் இணைப்பில் பூட்டுக்கான காத்திருப்பை 5 விநாடிகளுக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறேன். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தோற்று, ஏற்றும் வேலை அங்கேயே நின்றுவிடும். சிம்லிங்க் மாறியிருக்காது என்பதால் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும், அறிக்கை முடிந்ததும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.