ஸ்டென்ட் வைத்த பிறகு நானாக வாங்கிய குளிசை

கல்லடியில் இருந்து நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன எனக்கு, வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி, அடைபட்டிருந்த இதய நாடியில் அதை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் கொப்பியில் அஸ்பிரின் 75 மில்லிகிராம், க்ளோபிடோகிரெல் 75 மில்லிகிராம் என்று எழுதி, ஒரு வருடத்துக்கு ஒருநாளும் தவறக் கூடாது என்றார்கள்.

இரண்டு கிழமைக்குள் நெஞ்செரிவு தொடங்கியது. அஸ்பிரினின் வேலைதான் என்று ஊகித்து, யாரிடமும் கேளாமல், கடையில் ஒமிப்பிரசோல் வாங்கி விழுங்கிவந்தேன். மட்டக்களப்பில் நெஞ்செரிவு என்றால் அதைத்தானே எல்லாரும் வாங்குகிறோம்?

அடுத்த கிளினிக்கில், மனைவி பையிலிருந்த உறைகளையெல்லாம் மேசையில் பரப்பியபோது, வைத்தியர் அந்த ஒன்றை மட்டும் எடுத்து ஒருபக்கம் வைத்தார். பிறகு குளிசை உறையொன்றின் பின்பக்கத்தில் கோடு கீறி விளக்கினார். க்ளோபிடோகிரெல் விழுங்கும்போது மருந்தாக இருப்பதில்லை. ஈரல்தான் அதை மருந்தாக்குகிறது. உட்கொள்வதில் ஏறத்தாழ 85 வீதம் ஒரு நொதியத்தால் பயனற்றதாக உடைந்துபோக, மிஞ்சிய சிறு பங்கு மட்டும் இரண்டு படிகளில் மாற்றமடைந்து, குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கும் வடிவத்தைப் பெறுகிறது. அந்த மாற்றத்துக்கு முக்கியமான சீ.வை.பி. 2சி19 என்ற நொதியத்தைத்தான் ஒமிப்பிரசோல் மந்தமாக்குகிறது. அப்படியானால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் எடுத்தால் என்ன என்று கேட்டேன். 12 மணித்தியாலம் இடைவெளி விட்டாலும் பலனில்லை என்றார். இதனால் மாரடைப்புகள் உண்மையில் கூடுகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்றாலும், அந்த நொதியத்தைக் குறைவாகவே பாதிக்கும் பன்டோபிரசோல் என்ற இன்னொரு நெஞ்செரிவுக் குளிசை கையில் இருக்கும்போது துணிந்து பார்க்கத் தேவையில்லை என்று கொப்பியில் மாற்றி எழுதினார். சிலருக்குப் பரம்பரையாகவே அந்த நொதியம் வலுக்குறைந்திருக்கும் என்றும், நம் தெற்காசியாவில் அத்தகையோர் கணிசமாக உண்டு என்றும், ஈரலின் மாற்றத்துக்குக் காத்திராத டிகாகிரெலோர் போன்ற மருந்து அவர்களுக்குக் கைகொடுக்கலாம் என்றும் சொன்னார்.

குளிசை மாற்றி ஒரு மாதத்தில், வாவி இறால் உரிக்கும்போது அதன் முள் விரலில் குத்தி, கால் மணித்தியாலம் அழுத்திப் பிடித்தும் இரத்தம் கசிந்தது. மருந்து இப்போது நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி. இரத்தக் கசிவைக் கொண்டு மருந்தின் வலுவை அளக்க முடியாது, அஸ்பிரினும் அதையே செய்யும் என்று வைத்தியர் சிரித்தார். பயத்தில் ஒருநாள் குளிசையை விட்டால் கசிவு நின்றுவிடுமா என்றும் கேட்டு வைத்தேன். மருந்து பிடித்த சிறுதட்டு தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முடியும்வரை அப்படியே இருக்கும், புதியவை உண்டாகித்தான் பழைய நிலை திரும்பும், ஆகவே குளிசையை விடாமல் விரலை அழுத்துங்கள் என்றார்.

இறால் உரிப்பது இப்போது மனைவியின் வேலை.