முதலில் கிரவுண்ட் பின்னைக் கண்டுபிடியுங்கள்

புது மதர்போர்டு மாட்டிய பிறகு எடைக் கருவியின் எண் கணினித் திரையில் வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் போர்டைக் குறை சொல்கிறார்கள். அடுத்து எடைக் கருவியை. இரண்டுக்கும் நடுவே, போர்டின் சீரியல் இணைப்பைக் கேபினெட்டுக்கு வெளியே உள்ள கனெக்டருக்குக் கொண்டுவரும் ஒரு முழ ரிப்பன் கேபிளை (பல கம்பிகள் பட்டையாக ஒட்டியது) யாரும் சந்தேகிப்பதில்லை. நான் அதைத்தான் முதலில் கழற்றுகிறேன்.

மண்டபத்திலிருந்து வாலிநோக்கம் வரை எனக்கு வேலை வரும் இடங்களில் நண்டு, இறால் வாங்கும் கம்பெனிகளும் லாரி எடை மேடைகளுமே அதிகம். அங்கே ஓடும் பழைய மென்பொருள்கள் காம்-1 என்ற முதல் சீரியல் போர்ட்டைத் தவிர வேறெதையும் அறியாதவை. யுஎஸ்பி மாற்றி வாங்கலாம்தான். ஆனால் அதை வேறு துளையில் செருகினால் சில நேரம் போர்ட் எண் மாறிவிடுகிறது. மீன் இறங்கும் அதிகாலையில் அதைச் சரிசெய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. போர்டிலேயே சீரியல் ஹெடர் (சீரியல் கேபிளைச் செருகும் பின் வரிசை) இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஹெடரில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. பத்தாவது பின் இருக்காது. செருகியைத் திருப்பி மாட்டிவிடாமலிருக்க அந்த வெற்றிடம். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு வகை இணைப்பு முறைகள் உண்டு. ஒன்றில் ஹெடரின் 1 முதல் 9 வரையான பின்கள் வெளியே உள்ள ஒன்பது பின் கனெக்டரின் அதே எண்களுக்குப் போகும். இன்னொன்றில் ரிப்பனை அப்படியே அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். ஹெடரின் 2 வெளியே 6 ஆகும், 3 வெளியே 2 ஆகும், 5 வெளியே 3 ஆகும், 9 வெளியே 5 ஆகும். கடையில் இரண்டு கேபிளும் ஒரே பெட்டியில்தான் கிடக்கும்.

எந்த முறை என்று அறிய போர்டின் கையேடு தேவையில்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கேபினெட் திருகில் வையுங்கள். கேபினெட்டோடு இணைந்திருக்கும் கிரவுண்ட் பின்னில்தான் பீப் கேட்கும். ஹெடரின் 5-ஆம் பின்னில் கேட்டால், எண்கள் மாறாமல் போகும் நேர்முறை. 9-ஆம் பின்னில் கேட்டால் ரிப்பன் முறை. என் பையிலுள்ள கேபிள்களில் 5, 9 என்று எழுதியே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்து மின்னழுத்தம். கணினியை இயக்கி, கறுப்பு முனையைக் கேபினெட்டிலும் சிவப்பு முனையை வெளிக் கனெக்டரின் 3-ஆம் பின்னிலும் (கணினி அனுப்பும் பின்) வைத்தால், எதுவும் அனுப்பாத நேரத்தில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை ஏதோ ஓர் அளவு காட்ட வேண்டும். அந்த மைனஸ் 2-ஆம் பின்னில் தென்பட்டால், நேர்முறைப் போர்டில் ரிப்பன் முறைக் கேபிள் மாட்டியிருக்கிறது. 5-ஆம் பின்னில் தென்பட்டால் அதற்கு நேர் எதிர். எங்குமே இல்லையென்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போர்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல போர்டுகள் இந்த மைனஸ் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியின் நீலக் கம்பியிலிருந்து எடுக்கின்றன. அதில் மைனஸ் 12 வருகிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

எங்கள் கடற்கரைக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆடிக் காற்று மணலோடு உப்பையும் கொண்டுவந்து கேபினெட்டுக்குள் சேர்க்கிறது. ரிப்பன் செருகியின் பற்கள் கம்பியின் உறையைத் துளைத்துத்தான் செம்பைத் தொடுகின்றன. அந்தத் துளையில் ஈரம் இறங்கினால் உள்ளே பச்சை பூத்துவிடும், வெளியே தெரியாது. கேபிளை ஆட்டிக்கொண்டே பீப் சோதனை செய்தால் ஒலி விட்டுவிட்டு வரும். அப்படிப்பட்ட கேபிளைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை. கடலோரக் கம்பெனிகளுக்கு நான் ஒவ்வொரு கம்பியையும் சால்டர் செய்து, சுருங்கும் குழாய் போட்டுத்தான் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் கம்பி இணையும் இடத்தில் உப்பு நுழைவது குறையும்.

கடைசியாகத் திரும்பல் சோதனை. வெளிக் கனெக்டரின் வாங்கும் பின்னான 2-ஐயும் அனுப்பும் பின்னான 3-ஐயும் சிறு கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் போர்ட்டைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலை (அனுப்புவதை நிறுத்தித் தொடரும் கட்டுப்பாடு) அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் நீங்கள் பார்ப்பது லோக்கல் எக்கோ, அதாவது தட்டியதை மென்பொருளே திரையில் காட்டுவது, போர்ட்டின் பதில் அல்ல. இதே சோதனையை எடைக் கருவிவரை போகும் நீளக் கேபிளின் மறுமுனையிலும் செய்தால் கோளாறு எந்தத் துண்டில் என்று தெரிந்துவிடும். கீழக்கரையில் ஓர் எடை மேடைக்காரர், "தம்பி, உங்கள் சோதனையில் எழுத்து வருகிறது, எடை மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே போர்ட் என்பதால் வேகம் தவறாக இருந்தாலும் இந்தச் சோதனை வெற்றி பெறும். அவருடைய கருவி 2400 பாட் வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. கணினி 9600-இல் காத்திருந்தது.