கச்சான் கோதும் தேம்ஸ் ஆறும்

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைப் பற்றி எழுதச் சொல்லி மலர்க்குழுவில் இருந்து மூன்று தரம் தொலைபேசி வந்துவிட்டது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தையும், 1904 முதல் சென். ஜோன்ஸ் கல்லூரியுடன் நாங்கள் கிரிக்கெற்றில் மோதிவரும் பிக் மட்ச் கதையையும் என்னைவிட நன்றாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் வேறொரு மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது லபாட் பார்க் என்ற பேஸ்போல் மைதானம். (ஓம், இந்த லண்டனிலும் ஒரு தேம்ஸ் ஓடுகிறது. அம்மாவுக்குக் கடைசிவரை இதை விளங்கப்படுத்த முடியவில்லை.)

வந்த முதல் கோடையில் வேலையிடத்து நண்பர் ஒருவர் வெள்ளி இரவு பேஸ்போல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆடுகிறவன் மட்டையை மூன்று தரம் வீசுகிறான், போய்விடுகிறான். நிலத்தில் குத்தாத பந்தில் என்ன விளையாட்டு என்று மனதுக்குள் புறுபுறுத்துக்கொண்டிருந்தபோது காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் கச்சான் (நிலக்கடலை) கோது! முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த எல்லாரும் உடைத்து உடைத்துக் கோதைக் கீழேயே போடுகிறார்கள். பிக் மட்ச் நாள்களில் கச்சான் சரையோடு வெயிலில் கிடந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அன்று தொடங்கியது, இன்னும் விடவில்லை.

1877 மே 3இல் திறந்தபோது லபாட் பார்க்கின் பெயர் தெக்கும்சே பார்க். அந்த வருடமே ஊர் அணி அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் அணியை வீழ்த்தி, இரு நாட்டு அணிகளும் ஆடிய போட்டித் தொடரில் முதலிடம் பெற்றது. ஆறுதான் சும்மா விடவில்லை. 1883இல் பெருவெள்ளம். 1936 கடைசியில், பியர் காய்ச்சும் லபாட் குடும்பம் மைதானத்தை நகரசபைக்கு எழுதிக்கொடுத்தது, திருத்த வேலைக்கு 10,000 டொலரும் சேர்த்து. உறுதிப் பத்திரத்தில் மை காயவில்லை, 1937 ஏப்ரல் வெள்ளம் பார்வையாளர் கொட்டகையை அள்ளிக்கொண்டு போனது. திரும்பவும் கட்டினார்கள். அந்த வருடம் எழுந்த ஆட்டக்காரர் விடுதி இன்னும் நிற்கிறது.

1925 முதல் லண்டன் மேஜர்ஸ் அணி இங்கே ஆடுகிறது. பெரிய லீக்குகளில் 284 வெற்றி கண்ட பேர்கி ஜென்கின்ஸ், ஓய்வுபெற்ற பிறகு 1984இல் இவர்களுக்காகப் பந்து எறிந்தார். அவர் பக்கத்தில் இருக்கும் சதம் (Chatham) என்ற ஊர்க்காரர்.

உலகிலேயே இடைவிடாமல் ஆட்டம் நடக்கும் மிகப் பழைய பேஸ்போல் மைதானம் இதுதான் என்று கின்னஸில் ஏற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கிளின்ரன் ஊரார் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய மைதானம் 1878இல் வந்ததுதான். ஆனால் அங்கே ஹோம் பிளேற் (அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் தட்டு) வைத்த இடத்திலேயே இருக்கிறதாம், இங்கே இடம் மாறிவிட்டதாம். விக்கெற் நட்ட இடம் மாறினால் மைதானம் மாறிவிடுமா? நான் லண்டன் பக்கம்.

போன கோடையில் பக்கத்துக் கதிரைக் கிழவர் எங்கள் ஊர் மைதானத்தைப் பற்றி விசாரித்தார். 1904இல் இருந்து பெரிய மட்ச் நடக்கிறது என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"அப்ப, இன்னும் சின்னப்பிள்ளை" என்றுவிட்டு, கச்சான் பையை என் பக்கம் நீட்டினார்.