எதிரி என்ற சொல்

தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழங்கும் பெயர் 'எதிரி'. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை எண் கொடுத்துத்தான் எழுதுவோம். கீழமை நீதிமன்றங்களின் தமிழ் ஆவணங்களை மேல்முறையீட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியில் 27 ஆண்டுகள் இருந்த எனக்கு, சேர்ந்த புதிதில் இந்தச் சொல் உறுத்தியது. போர்க்களத்துச் சொல்லை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று நினைத்தேன். வேலை பழகிய பிறகு வேறொன்று புரிந்தது. நீதிமன்றத்து எதிரிக்குப் பெயர் உண்டு, தந்தை பெயர் உண்டு, வயது உண்டு, வழக்கறிஞர் உண்டு. அரசுத் தரப்புச் சாட்சிகளின் விசாரணை முடிந்ததும், அவருக்கு எதிராக உள்ள சாட்சியத்தை நீதிபதி அவரிடமே எடுத்துச் சொல்லி, 'இதற்கு என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்டாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு விதித்த கடமை அது. போர்க்களத்து எதிரியிடம் எவரும் அப்படிக் கேட்பதில்லை.

பயங்கரவாதத்தைக் குற்றமாகக் கொள்வதா, போராகக் கொள்வதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் என் மனம் ராஜீவ் காந்தி கொலை வழக்குக்கே போகிறது. ஒரே அரசு, ஒரே இயக்கத்தை, சில ஆண்டு இடைவெளியில் இரண்டு வழியிலும் எதிர்கொண்டது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளுடன் மோதத் தொடங்கியது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கே மாண்ட தமிழ்ப் பொதுமக்களில் இன்னார் இன்னாரால் இப்படி இறந்தார் என்று சாட்சிக்கு எண் போட்டு விசாரித்த குற்றவியல் நீதிமன்றம் எதுவும் இல்லை. பதினான்கு மாதங்கள் கழித்து, 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது அரசு படையை அனுப்பவில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானது. வெடிப்பில் இறந்த புகைப்படக்காரரின் கேமராவுக்குள் சிதையாமல் கிடந்த படச்சுருளிலிருந்து புலனாய்வு நகர்ந்தது. குற்றப்பத்திரிகையில் 41 பேர் இருந்தார்கள். அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள், 3 பேர் கடலுக்கு அப்பால் தலைமறைவு. மற்ற 26 பேரும் பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்கள்.

1998 ஜனவரி 28 அன்று அந்த 26 பேருக்கும் மரண தண்டனை என்று செய்தி வந்தது. எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏழு வருஷம் விசாரிச்சு இதைத்தான் சொல்லணுமாப்பா? சண்டை போட வந்தவனுக்கு எதுக்கு வக்கீல்?" என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூரில் இறந்த காவலர்களை எண்ணி வருந்தியவர் அவர். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பதில் சொன்னது. 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது; நால்வருக்கு மரண தண்டனையை உறுதிசெய்தது; மூவருக்கு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வீடு கொடுத்தவர், பழகியவர், சதியை அறிந்து உதவியவர் என்று ஆளாளுக்கு இருந்த வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு தனித்தனியே எடை போட்டது. அன்று மாலை மூத்தவர் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். போராகக் கொண்டிருந்தால் 19 என்ற எண்ணே பிறந்திருக்காது. எந்தப் பக்கம் என்று கேட்பதோடு போரின் விசாரணை முடிந்துவிடுகிறது.

ஆனாலும் அந்த வழக்கு முழுக்கக் குற்றவியல் வழியில் நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பயங்கரவாதத் தடுப்புக்கென்று அப்போது இருந்த தடா சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் அது சாட்சியமாகும் என்றது. ஸ்ரீபெரும்புதூர்ச் செயலின் நோக்கம் ஒரு மனிதரைக் கொல்வது, மக்களை அச்சுறுத்துவது அல்ல. ஆகவே அது தடாவின் பொருளில் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், தடாவின்கீழ் பெற்ற வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் செல்லும் என்றும் கூறியது. போருக்கென்று தளர்த்திய விதி, போர் இல்லை என்று சொன்ன பிறகும் வழக்குக்குள் தங்கிவிட்டது.

மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது சொல்லப்பட்டவற்றுள் முதன்மையானது. வாங்கினாரா என்பதைவிட, எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் உயிர் ஊசலாடியது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்றபின் 2013இல், எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியை எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18 அன்று.

'தெரிந்து' என்ற சொல்லின் கனம் என் மேசையிலும் ஒருமுறை இறங்கியது. வேறொரு வெடிகுண்டு வழக்கில், தன் வீட்டில் பையொன்றை வைத்திருந்த இளைஞர் நீதித்துறை நடுவரிடம் அளித்த வாக்குமூலத்தின் தட்டச்சுப் படியில் 'பையைத் தெரிந்தே வைத்திருந்தேன்' என்று இருந்தது. அப்படியே ஆங்கிலமாக்கி, அந்தப் பக்கத்தை முடித்தும் விட்டேன். மறுநாள் வேறொரு தேதியைச் சரிபார்க்கக் கையெழுத்து மூலத்தைப் புரட்டியபோது, வரியின் விளிம்பில் 'தெரிந்தவரே என்று வைத்திருந்தேன்' எனக் கண்டேன். பையைக் கொடுத்தவர் அறிமுகமானவர் என்பதால் வாங்கி வைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். சில எழுத்துகள் விடுபட்டதில் அறிமுகம், உடந்தை ஆகிவிட்டது. மூலத்தைப் பார்க்காமல் பெயர்த்தது என் பிழை. எழுத்துமூலம் தெரிவித்தேன், பக்கம் திருத்தப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அதன்பிறகு மூலத்தோடு ஒப்பிடாமல் ஒரு வாக்குமூலத்தையும் நான் முடித்ததில்லை. அந்தத் திருத்தத்துக்கு இடமும் நேரமும் கொடுத்தது குற்றவியல் முறைதான்.

கடலுக்கு அப்பால் ஆயுதத்தோடு நிலத்தை ஆள்பவர்மீது பிடியாணை எப்படிச் செல்லும் என்ற கேள்வி நேர்மையானது. அது செல்லவில்லை என்பதே உண்மை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் செய்தியாளர்கள் இந்தக் கொலையைப் பற்றிக் கேட்டபோது, பிரபாகரன் அதனை 'துன்பியல் சம்பவம்' என்றார். மொழிபெயர்ப்பாளனாக அந்தத் தொடரை நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் நடந்தது இருக்கிறது, செய்தவர் இல்லை. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவின் கொலை என்ற சொல்லோ செய்தவரைத் தேடாமல் ஓயாது. 2009 மே மாதம் முல்லைத்தீவில் போர் முடிந்தபோது அவரும் இறந்தார். 313ஆம் பிரிவின் கேள்விகளை அவர்முன் வைக்க எந்த நீதிபதிக்கும் வாய்க்கவில்லை. யார் முடிவெடுத்தது, ஏன் எடுத்தது என்று அந்த இரவில் இறந்த காவலர்களின் பிள்ளைகள் கேட்டால், அவர் வாயிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த பதில் அந்த இரண்டு சொற்கள் மட்டுமே.