அத்தை கண்டுபிடித்த ஏழு

2023இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்ந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கணினி மின்சாரம் போனதால் கெடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அது திரும்பி வந்த வேகத்தில்தான், பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு கருகியது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி மட்டும் பிழைத்துக்கொண்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வினாத்தாள்களும், கோயில் காவடி வரவுசெலவும் அதற்குள் இருந்தன.

ஜோகன்னஸ்பர்க்கில் கணினி வேலை பார்க்கும் அக்கா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். “விண்டோஸை மறுபடி போட வேண்டாம் மாமா, பழைய எஸ்எஸ்டியை அப்படியே புதுப் போர்டில் மாட்டிவிடுங்கள், மற்றதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும்” என்றான். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இப்படிச் செய்தால் கணினி எழாமல் பெரும்பாலும் நீலப் பிழைத்திரைதான் வரும். விண்டோஸ் 10 அநேகமாகத் தானே புதுப் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்களைத் தேடிக்கொண்டு எழுந்துவிடும் என்பதால், அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் திருடர்கள் கணினியைத் தூக்கிச் சென்ற வாரத்தில், பிறர் கோப்புகளைப் படிக்க முடியாதபடி செய்யும் பிட்லாக்கர் பூட்டை எங்கள் கணினிக்குப் போட்டுக் கொடுத்தவனும் தானே என்பதை மட்டும் அவன் மறந்துவிட்டான்.

அந்தப் பூட்டின் சாவி டிபிஎம் என்னும் காப்புச் சில்லில் இருக்கும்; அது பழைய போர்டோடு போய்விட்டது. போர்டு உயிரோடு இருக்கும்போதே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தால் வம்பில்லை. எங்களுடையதோ முன்னறிவிப்பின்றிப் போய்ச் சேர்ந்தது. ஆகவே புதுப் போர்டில் எஸ்எஸ்டியை மாட்டியதும், சொந்தக்காரனான என்னையே திருடனாகப் பாவித்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது திரை. மணி ஏழு இருபது. எட்டு மணிக்கு எங்கள் பகுதிக்கு மின்வெட்டு.

சாவியை அச்சிட்ட தாள் பூஜை அறையில் இருந்தது, ஏனெனில் எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தொலையாத ஒரே இடம் அதுதான். விளக்கடியிலிருந்து அதை எடுத்து வந்த அத்தை, “இதை ஃபாஃபி நம்பர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன், 36க்கு மேல் போகிறதே என்று பார்த்தேன்” என்றார். ஃபாஃபி என்பது 1 முதல் 36 வரை உள்ள எண்களில் பணம் கட்டும் சூதாட்டம்; டர்பனில் அதை ஆடும் வீடுகளில் எண் எழுதிய தாளை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். எங்கள் தாள் பிழைத்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். அத்தை உரக்க வாசிக்க, நான் தட்டிக்கொண்டே வந்தேன். ஐந்தாம் தொகுதியில் அவர் குரல் நின்றது. “மூன்று, சுழி, குங்குமம், ஐந்து, இரண்டு, ஏழு.”

மூன்றாம் இலக்கத்தின் மேல் எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து அப்பியிருந்தன. ஈரத் துணியால் துடைத்தபோது குங்குமத்தோடு மையும் வந்துவிட்டது. மறுமுனையில் இருந்த மருமகன், ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படிதான் இந்தச் சாவி அமைந்திருக்கும் என்றும், அதை வைத்து விடுபட்ட இலக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்லி, கால்குலேட்டரைத் தேடப் போனான். அண்ணன் கடையில் பல வருடம் கணக்கு எழுதிய அத்தைக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. “ஒன்றுவிட்டு ஒன்று கூட்டு. மூன்றும் இரண்டும் ஐந்து, அதோடு குங்குமம். மற்றப் பக்கம் சுழி, ஐந்து, ஏழு, ஆகப் பன்னிரண்டு. 11ஆல் வகுபட இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டுமானால் குங்குமம் ஏழு.” மருமகன் திரும்பி வந்து, 307527ஐ 11ஆல் வகுத்தால் 27957 என்று உறுதி செய்தபோது நான் ஆறாம் தொகுதியில் இருந்தேன்.

பூட்டு திறந்தது. சாதனங்கள் தயாராகின்றன என்று சற்று நேரம் சுழன்று, ஒருமுறை தானே அணைந்து எழுந்த விண்டோஸ், பழைய சில்லோடு பிணைந்திருந்த, உள்நுழைவதற்கான பின் (PIN) எண்ணை ஏற்காமல் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. நல்லவேளையாக அது எனக்கு நினைவிருந்தது. புதுப் போர்டில் இணையக் கம்பியை இயக்கும் லேன் டிரைவர் இல்லாததால் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் கொடுத்தேன். உரிமம் தனியே வாங்கிக் கணக்கோடு இணைத்தது என்பதால், அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்று தெரிவித்தபின் அதுவும் மறுபடி செல்லுபடியானது. கணினியோடு சேர்ந்து வந்த உரிமமாக இருந்திருந்தால், வழக்கமாக அது பழைய போர்டோடு முடிந்திருக்கும்.

ஏழு ஐம்பத்தெட்டுக்குக் கணினியை முறைப்படி அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கி வைத்தேன். மறுநாள் அத்தை ஏழாம் நம்பருக்கு ஐந்து ரேண்ட் கட்டினார். விழவில்லை. அந்த ஐந்து ரேண்ட் என் பேரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது.