எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுத்த சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஒரு எக்ஸ்டென்ஷனை நம்பலாமா என்று பார்க்க, பெரும்பாலோர் ஸ்டோரில் உள்ள நட்சத்திரங்களையும் பயனர் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார்கள். அவை அது முன்பு சம்பாதித்த நற்பெயரைச் சொல்லும். இன்று காலை பின்னணியில் தானாக இறங்கிய அப்டேட்டை யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்பதைச் சொல்லாது. கவனிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

தி கிரேட் சஸ்பெண்டர் நினைவிருக்கலாம். திறந்து வைத்துவிட்டு மறந்துபோன டேப்களை உறங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். நல்ல எக்ஸ்டென்ஷன், மூலநிரலும் திறந்தே இருந்தது. 2020 ஜூனில் உருவாக்கியவர் அதை வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்குநிரல் என்று சொல்லி எல்லார் குரோமிலும் முடக்கியது. முடக்கிய நொடியில், உறங்கிக்கொண்டிருந்த டேப்களும் சேர்ந்து போயின. (உறங்கும் டேப்பின் முகவரியில் 'யூஆர்ஐ=' என்பதற்குப் பிறகு அசல் முகவரி இருக்கும். ஹிஸ்டரியில் தேடி அதை வெட்டியெடுத்துத்தான் பலர் மீண்டார்கள்.)

கைமாறியதை ஏன் யாரும் உணரவில்லை? எக்ஸ்டென்ஷன் விற்கப்பட்டால் குரோம் பயனருக்கு அறிவிப்பதில்லை. புதிய அப்டேட் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படும் அனுமதியைக் கேட்டால், நீங்கள் ஒப்புக்கொள்ளும்வரை எக்ஸ்டென்ஷனைக் குரோம் நிறுத்தி வைக்கும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், எல்லாத் தளங்களிலும் எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும் முதல் நாளே அனுமதி கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கேட்பதற்கு என்ன மிச்சம்? வாங்கியவருக்குச் சாவி இனாமாகப் போய்விடுகிறது.

அதனால் அந்தச் சாவி எவ்வளவு பெரியது என்று நேரிலேயே பார்த்துவிடலாம். குரோம்://வெர்ஷன் பக்கத்தில் 'புரொஃபைல் பாத்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஃபோல்டருக்குள் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' ஃபோல்டர். அதற்குள் 32 எழுத்துப் பெயர்களில் வரிசையாக ஃபோல்டர்கள், எக்ஸ்டென்ஷனுக்கு ஒன்றாக. உள்ளே வெர்ஷன் எண், அதற்குள் 'மேனிஃபெஸ்ட்' என்ற ஜேசன் கோப்பு. சாதாரண நோட்பேடிலேயே திறக்கும். 'ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ்' என்ற இடத்தில் *://*/* என்றோ 'ஆல் யூஆர்எல்ஸ்' என்றோ இருந்தால், நீங்கள் போகும் எந்தத் தளமும் அதற்குத் திறந்த வீடு. அங்கே ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகக் கோப்பை மூடிவிடாதீர்கள். 'கன்டென்ட் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் 'மேட்சஸ்' என்ற வரியையும் பாருங்கள். அங்கே எழுதப்பட்ட தளங்களிலும் அதன் நிரல் ஓடும். பக்கத்தில் ஓடும் நிரலுக்கு, நீங்கள் பாஸ்வேர்டு கட்டத்தில் தட்டும் எழுத்துகள் புள்ளிகளாகத் தெரியாது, எழுத்துகளாகவே கிடைக்கும்.

நிறம் எடுக்கும் கருவி, ஸ்கிரீன்ஷாட் கருவி போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையே இல்லை. 'ஆக்டிவ் டேப்' என்ற அனுமதி போதும். ஐகானை அழுத்தும்போது அந்த ஒரு டேப்பை மட்டும் பார்க்கும். வேறு தளத்துக்கு நகர்ந்தால் அனுமதி போய்விடும். நிறுவும்போது எச்சரிக்கைகூட வராது. இருந்தும் இவற்றில் பல முழுச் சாவியைக் கேட்கின்றன. சில நேரம் அது எழுதியவரின் சோம்பல்தான், கெட்ட எண்ணம் இல்லை. அடுத்து வாங்கப்போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தில் 'டீட்டெய்ல்ஸ்' அழுத்தினால் தள அனுமதிக்கு மூன்று தேர்வுகள்: அழுத்தும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில், எல்லாத் தளங்களிலும். அகராதி, மொழிபெயர்ப்பு, ஸ்கிரீன்ஷாட் வகைகளை முதலாவதிலேயே விடலாம். பக்கத்தைப் படித்து வேலை செய்யும் விளம்பரத் தடுப்பானை அப்படி வைத்தால் வேலைக்காகாது. நீங்கள் அழுத்துவதற்குள் பக்கமும் விளம்பரமும் வந்து இறங்கியிருக்கும். பாஸ்வேர்டு மேனேஜரும் கட்டங்களைத் தானாக நிரப்பாது. ஃபயர்பாக்ஸில் மேனிஃபெஸ்ட் 3 (எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறை) எக்ஸ்டென்ஷன்களுக்குப் 'பெர்மிஷன்ஸ்' டேபில் இதே வசதி உண்டு. பழைய மேனிஃபெஸ்ட் 2 வகைக்கு இல்லை. ஆனால் அங்கே குரோமில் இல்லாத ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தானியங்கி அப்டேட்டைத் தனியாக நிறுத்தலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால், எல்லாவற்றுக்கும் செய்யக்கூடாது. ஒரே ஒரு ஆள் நடத்தும், முழுச் சாவி வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் செய்யலாம்.

எக்ஸ்டென்ஷன் வெளியே என்ன அனுப்புகிறது என்பதையும் பார்க்க முடியும். குரோமின் எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தில் 'டெவலப்பர் மோட்' போட்டால், எக்ஸ்டென்ஷனின் பெட்டியில் 'சர்வீஸ் ஒர்க்கர்' என்ற இணைப்பு தெரியும். அதை அழுத்தி 'நெட்வொர்க்' டேபைத் திறந்து வைத்துவிட்டு, வேறு டேப்பில் பத்துப் பக்கங்கள் சுற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோரிக்கை கிளம்பினால், நீங்கள் போகும் முகவரிகள் எங்கோ எழுதப்படுகின்றன என்று சந்தேகப்பட வேண்டும். ஒன்றும் போகவில்லை என்றால் சுத்தம் என்று அர்த்தமில்லை. நேனோ டிஃபெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020 அக்டோபரில் கைமாறியபோது சேர்க்கப்பட்ட நிரலில், இப்படி யாராவது கன்சோலைத் திறந்து பார்க்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் பகுதியே இருந்தது. அதைத் தோண்டி எடுத்து வெளியே சொன்னவர் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை எழுதிய ரேமண்ட் ஹில்.

மேனிஃபெஸ்ட் 3 வந்துவிட்டதே, இனிப் பயமில்லையே என்று கேட்கலாம். பாதி உண்மை. வெளி சர்வரிலிருந்து நிரலை இழுத்து ஓட்டுவது இப்போது விதிப்படி தடை. விளம்பரத் தடுப்பான் விதிகளை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையைப் பிரவுசரே செய்யும். இதனால் அந்தத் தடுப்பானின் மேனிஃபெஸ்ட் 3 வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் அடிப்படை நிலையில் பக்கங்களைப் படிக்காமலேயே தடுக்கிறது. ஆனால் கோரிக்கைகளை வேடிக்கை பார்க்கும் 'வெப் ரிக்வெஸ்ட்' குரோமில் அப்படியே இருக்கிறது. அதை வைத்து இடைமறித்துத் தடுப்பதை மட்டும்தான் சாதாரண எக்ஸ்டென்ஷன்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கையைக் கட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து விட்டிருக்கிறார்கள். ஃபயர்பாக்ஸில் இரண்டும் உண்டு. கூடவே ஒரு தளப்பெயர் உண்மையில் எங்கே போகிறது என்று டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் வசதியும் இருப்பதால், தளத்தின் சொந்த துணைப்பெயருக்குப் பின்னால் ஒளிந்து வந்து உங்களைப் பின்தொடரும் டிராக்கரையும் யூபிளாக் ஆரிஜின் அங்கே பிடித்துவிடும். குரோமில் அது எப்போதுமே முடிந்ததில்லை.

தனியுரிமைக்கென்றே எட்டு எக்ஸ்டென்ஷன் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு விளம்பரத் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுக்கும்: தடுப்பான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தளத்தின் ஸ்கிரிப்டை ஏமாற்ற ஒன்று வைத்த போலி நிரலை மற்றொன்று தடுத்துவிடும், பக்கம் உடையும். யூசர் ஏஜென்டை (பிரவுசர் தளத்திடம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி) மாற்றும் எக்ஸ்டென்ஷன் இன்னும் மோசம். பிரவுசர் தன்னை விண்டோஸ் என்று சொல்லும், ஆனால் எழுத்துருக்களும் கிராஃபிக்ஸ் விவரமும் லினக்ஸ் என்று காட்டிக்கொடுக்கும். அப்படி முரண்பட்ட பிரவுசர் கூட்டத்தில் தனியாகத் தெரியும். 2010இல் இணைய உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்பு நடத்திய பனாப்டிகிளிக் சோதனையில், வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் இப்படிப்பட்ட விவரங்களின் சேர்க்கையால் உருவாகும் தனித்த கைரேகை கொண்டவையாக இருந்தன. குரோமில் எக்ஸ்டென்ஷனின் அடையாள எண் எல்லாருக்கும் ஒன்றே என்பதால், அது பக்கங்களுக்குத் திறந்து வைத்துள்ள ஒரு படத்தைக் கேட்டுப் பார்த்தே அது உங்களிடம் இருக்கிறதா என்று தளம் தெரிந்துகொள்ளலாம். ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் வேறு எண் கொடுக்கிறது. அடையாளத்தை மறைக்கும் டோர் பிரவுசரில் எதையும் கூடுதலாகச் சேர்க்காதீர்கள் என்று அதைச் செய்பவர்களே சொல்வதற்கும் இதுதான் காரணம்.

வங்கி, மின்னஞ்சல், வரி போன்றவற்றுக்குத் தனி புரொஃபைல் வைத்துக்கொள்வதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று இருந்தால் போதும். குக்கீ, ஹிஸ்டரி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனி. இதில் வழக்கமாக நடக்கும் தவறு: புதிய புரொஃபைலிலும் அதே கணக்கில் நுழைந்து சிங்க் (ஒத்திசைவு) போட்டுவிடுவார்கள், பழைய எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சிங்க் அமைப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை அணைத்துவிட வேண்டும், அல்லது அதில் நுழையவே கூடாது. இன்காக்னிட்டோவிலும் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக ஓடாது, நீங்களாக அனுமதித்தால் தவிர. அனுமதித்தது மறந்திருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன எக்ஸ்டென்ஷன் இருந்தது என்று தெரிந்தால், அதை நீக்குவது வேலையின் தொடக்கம் மட்டுமே. 2024 டிசம்பர் 24 அன்று சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு ஸ்டோரிலிருந்து வந்ததுபோல் ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அவர் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனை வெளியிடும் அனுமதியைக் கேட்ட ஒரு செயலிக்கு ஒப்புதல் கொடுத்தார். பாஸ்வேர்டைத் திருட வேண்டியிருக்கவில்லை, இரட்டைச் சரிபார்ப்பும் குறுக்கே வரவில்லை. மறுநாளே அந்த எக்ஸ்டென்ஷனின் 24.10.4 என்ற நச்சு வெர்ஷன் ஸ்டோரின் வழியாகவே பயனர்களுக்குப் போனது. சுமார் ஒரு நாள்தான் இருந்தது. அந்த வெர்ஷன் குறிவைத்தவற்றில் குக்கீகளும் உண்டு. உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கீ ஒருவர் கையில் கிடைத்தால் அவருக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. எக்ஸ்டென்ஷனை நீங்கள் நீக்கிய பிறகும் அந்தக் குக்கீ வேலை செய்யும். பாஸ்வேர்டை மாற்றினால் சில தளங்கள் பழைய அமர்வுகளை மூடும், சில மூடாது. ஆகவே முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அடுத்து ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். பிறகு பாஸ்வேர்டு. கடைசியாக, கணக்கில் இணைந்துள்ள வெளிச் செயலிகளின் பட்டியலைத் திறந்து, தெரியாததை வெட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் இருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றினால், புதியதையும் அதன் கையிலேயே கொடுத்ததாகிவிடும்.